இரண்டு தேதிகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி

என் தங்கை மகன் கடைசியாக "அப்பா" என்று சொன்ன நாள் என் டைரியில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. சிங்கப்பூரிலிருந்து அவன் அப்பா வீடியோவில் வந்திருந்தார். பிள்ளை போனை வாங்கி, அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஒருமுறை சொன்னான். "தெளிவாகச் சொன்னான்" என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் வரவே இல்லை.

ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஊர்ப்புற நூலகராக இருக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்து டைரி எழுதுகிறேன். மழை பெய்த அளவு, இறந்தவர்கள், ஞானஸ்நானங்கள், பஸ் நேரம் மாறிய நாள், எல்லாம் அதில் உண்டு. ஓய்வூதிய விண்ணப்பத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் தேதி கேட்டு வருவார்கள். ஊரில் எனக்குப் பெயரே காலண்டர் சார்தான். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. இதில் பெயர்களையும் ஆண்டுகளையும் விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் இருவரும் இன்னும் வளர வேண்டியவர்கள்.

வேளாங்கண்ணியில் கொடியேறிய அன்று அவன் பிறந்தான். ஒன்றரை வயதில் போட வேண்டிய இரண்டாவது அம்மை ஊசி திருநீற்றுப் புதன் அன்று வந்தது. காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே அங்கன்வாடிக்குப் போனோம். மைத்துனர் வெளிநாட்டில் இருந்ததால் கூடப் போகிற ஆள் நான்தான். அன்றைய குறிப்பு: "எட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி. ஏழும் கத்தின. நம் பிள்ளை மட்டும் அழவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். சமத்து."

மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் இல்லை. ஒன்பதாம் நாள், அந்தக் கடைசி "அப்பா". பிறகு "தா" போனது. "காக்கா" போனது. மூன்று வயது தாண்டித் திருச்சியில் ஒரு மருத்துவர் அவனை வெகுநேரம் விளையாட விட்டுப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்றார். பயிற்சிக்கு எங்கே போக வேண்டும், வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். தங்கை ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஊருக்கு வரும்போது பஸ்ஸில், கீரனூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அண்ணே, ஊசி போட்டது என்னைக்கு?"

"திருநீற்றுப் புதன்."

"கடைசியா அப்பான்னது?"

வீட்டுக்கு வந்ததும் டைரியை எடுத்தேன். ஒரு முழுத்தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். இடது பக்கம் ஊசி போட்ட தேதி. வலது பக்கம் கடைசியாக "அப்பா" சொன்ன தேதி. கீழே மற்றச் சொற்கள் ஒவ்வொன்றும் நின்ற தேதிகள். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பார்கள். அன்று இன்னும் நன்றாக எழுதினேன். பிறகு இரண்டு தேதிகளுக்கும் நடுவே சிவப்பு மையில், இடமிருந்து வலமாக, ஓர் அம்புக்குறி போட்டேன். அதன் மேல் "ஒன்பது நாள்" என்று எழுதினேன்.

தேதிகள் எல்லாம் உண்மை. அம்புக்குறி மட்டும் நான் சேர்த்தது.

தங்கை அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மருத்துவமனைக் கோப்பில் முதல் பக்கமாக வைத்துக்கொண்டாள். அது அவளுக்கு எதற்குப் பயன்பட்டது என்பது எனக்குக் கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. அவள் மாமியார் கெட்டவர் அல்ல. பேரனைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவர்தான். ஆனால் வாய் நிற்காது.

"எங்க வகையறாவுல வாய் பேசாதவன் ஒருத்தன் கெடையாது. ஆறு மாச வயித்தோட அதிருற மாதிரி பஸ்ல போவாதன்னேன். கேட்டாளா?"

முன்பெல்லாம் தங்கை உள்ளே போய்விடுவாள். தாள் வந்த பிறகு அதை எடுத்துக் காட்டினாள். "பாருங்க அத்தே. பஸ்ஸும் இல்ல, நானும் இல்ல. ஊசி. எங்கண்ணன் தேதியோட எழுதியிருக்கு."

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு அம்பு தெரிந்தது. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. அந்த வீட்டில் என் தங்கை தலை நிமிர்ந்து நடந்ததற்கு அந்தத் தாள் காரணம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த தாமதத்துக்கு இதைத்தான் சாக்காக வைத்துக்கொண்டேன்.

தாளைப் படம் எடுத்து அவள் கணவருக்கு அனுப்பினாள். அவர் அறை நண்பர்களுக்கு அனுப்பினார். ஓராண்டு கழித்து கட்டுமாவடியில் மீன் ஏலம் எடுக்கிற ஒரு பழைய நண்பர் எனக்கே அதை அனுப்பிவைத்தார். மேலே "பலமுறை பகிரப்பட்டது" என்று இருந்தது. கீழே யாரோ, "ஆராய்ச்சியாளர் ஒருவரின் ஆதாரம்" என்று சேர்த்திருந்தார்கள். நண்பர் கேட்டிருந்தார்: "ஒங்க கையெழுத்து மாதிரியே இருக்கே சார்?" நான் பதில் போடவில்லை. ஆராய்ச்சியாளர் என்ற சொல்லைப் பார்த்துக் கொஞ்ச நேரம் மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மகனுக்கு ஆறு வயதாகும்போது தங்கைக்கு ஒரு மகள் பிறந்தாள். பிறந்தபோது மருத்துவமனையிலேயே போட்ட ஊசியோடு சரி. அதற்குப் பிறகு சொட்டு மருந்துக்கு மட்டும் பிள்ளையின் வாயைக் காட்டினார்கள், ஊசிக்குத் தொடையைக் காட்டவில்லை. ஒன்பதாம் மாதத்து அம்மை ஊசியும் போடவில்லை. பெண் பத்து மாதத்தில் பேசத் தொடங்கிவிட்டாள். முதல் சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தமையன் பின்னாலேயே தவழ்ந்து போய் "ண்ணா" என்றாள். அவன் டம்ளர் மூடியைத் தரையில் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். திரும்ப மாட்டான். அவள் விட மாட்டாள்.

ஐப்பசி முதல் புதன்கிழமை, அடைமழை. எங்கள் பக்கம் புதன்தான் ஊசி போடுகிற நாள். கிராம சுகாதாரச் செவிலியர் குடையை நூலக வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். செய்தித்தாள் பக்கம் ஒரே ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சார், காலண்டர் சார்னு ஒங்களத்தான சொல்றாங்க?"

"ஆமாம்மா. எந்தத் தேதி வேணும்?"

"தேதி வேணாங்க. ஒங்க தங்கச்சி வீட்டுக்கு நாலு தடவ நடந்துட்டேன். போனா ஒரு தாள எடுத்து நீட்டுறாங்க. 'எங்கண்ணன் படிச்சவுக, அவுக எழுதுனது'ங்கிறாங்க. நான் ரெண்டு வருசம் படிச்ச நர்ஸு. அந்தத் தாள்கிட்ட நான் என்னத்தப் பேசுறது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அந்தத் தாளக் காட்டி இன்னும் ரெண்டு வீட்டுல வேணாம்ட்டாங்க சார். நீங்களே நல்லாப் படிச்சுப் பாருங்க. படிச்சுட்டு ஊசிதான் காரணம்னு ஒங்களுக்குத் தோணுச்சுன்னா, நான் அந்தத் தெருவுக்கே வரல."

போகும்போது தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமல், "நர்சம்மா, எனக்கு ஊசி கீசி இருக்கா?" என்றார். "ஒங்களுக்குப் பென்சன்தாங்கய்யா ஊசி" என்றுவிட்டுக் குடையை விரித்தார்.

அன்று படிக்கத் தொடங்கினேன். இரண்டு வாரத்துக்கு மேல் போனது. எல்லாம் தொடங்கியது, அம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரையில். பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதியது. பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளிலேயே மாற்றம் செய்யப்பட்டிருந்தது பின்னால் தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதியவரின் மருத்துவ உரிமம் போனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது, எங்கள் ஊர் ஊசியில் அது இல்லை. அந்த வேறுபாட்டையும் குறித்துக்கொண்டேன். ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. ஜப்பானில் ஒரு நகரத்தில் அந்த ஊசியையே நிறுத்திய பிறகும் ஆட்டிசம் குறையவில்லை. ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம், தடிப்பு வரலாம், அரிதாகக் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம் என்று ஊசி போடச் சொல்கிறவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த ஊசி போடுகிற வயதும், பேச்சு வராமல் போவது வீட்டாருக்குத் தெரியவருகிற வயதும் ஒன்றாக இருக்கின்றன என்பதுதான் விஷயம்.

அந்த இங்கிலாந்து மருத்துவர் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதினார். நான் ஒரு பிள்ளையை வைத்து எழுதினேன்.

ஒரு கட்டுரையில், ஆட்டிசம் என்று பின்னால் தெரியவந்த பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களை எடுத்துப் பார்த்தார்கள் என்று இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, முகம் பார்க்காதது, எல்லாம் அந்தப் படங்களிலேயே இருந்திருக்கின்றன. பெற்றவர்களுக்கு அப்போது தெரியவில்லை. அதைப் படித்த அன்று ஐப்பசி மூன்றாம் சனிக்கிழமை. எங்களிடம் வீடியோ இல்லை. டைரி இருந்தது.

ஊசிக்கு முந்தைய டைரியை அதுவரை நான் திரும்பத் திறந்து பார்த்ததே இல்லை. கேள்வி ஊசியிலிருந்து தொடங்கியதால் நானும் அங்கிருந்தே பார்த்திருந்தேன். ஆறாம் மாதம்: "யார் தூக்கினாலும் போகிறான். முகம் தேடுவதில்லை. சமத்து." ஒன்பதாம் மாதம்: "மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. டம்ளர் மூடியில் அவ்வளவு கவனம். பெரிய படிப்பாளியாக வருவான்." முதல் பிறந்தநாள்: "அத்தனை கூட்டத்திலும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சமத்துப் பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள்." இப்படி, பக்கத்துக்குப் பக்கம். ஒன்றையும் விடாமல் பார்த்திருக்கிறேன், தேதியோடு எழுதியும் இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டு மூடியிருக்கிறேன். அந்தச் சமத்து என்ற சொல்லுக்கு உள்ளே அவன் தனியாக இருந்திருக்கிறான்.

அதே திருநீற்றுப் புதனில் ஊசி போட்ட மற்ற ஏழு பிள்ளைகளில் இருவர் என் நூலகத்துக்கே வருகிறார்கள். படக்கதைக்குச் சண்டை போடுகிறார்கள். அவர்களை வைத்து நான் எந்த அம்புக்குறியும் போட்டதில்லை.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனேன். வாசலில் நுழையும்போதே மாமியார் குரல். பையன் பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக் கண்ணாடியை உடைத்துவிட்டிருந்தான்.

"வாங்க தம்பி. வந்து ஒங்க தங்கச்சியக் கேளுங்க. பெத்தவ பெத்த மாதிரி பெத்திருந்தா..."

தங்கை கோப்பைக்கூட எடுக்கவில்லை. அலமாரியில் அது இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். மாமியார் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நான் பையில் கொண்டு போயிருந்த டைரியை எடுக்கவில்லை. "சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றேன். சின்னவள் என் காலைப் பிடித்து எழுந்து நின்று, கொசுவலையைக் காட்டி ஏதோ கதை சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்குத் தங்கை கணவர் வருவார், அவர் இருக்கும்போது சொல்லலாம் என்று எண்ணினேன். அவர் வந்தார். வந்த மனிதர் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார். அந்தப் பத்து நாளைக் கெடுக்க மனம் வரவில்லை. பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளினேன். செவிலியர் வழியில் பார்த்தால் "படிச்சீங்களா சார்?" என்பார். "படிச்சுக்கிட்டிருக்கேம்மா" என்பேன். அது பொய்.

பொங்கல் கழிந்த வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். சளி, கண் சிவப்பு. நாலாம் நாள் காதுக்குப் பின்னால் தொடங்கி முகமெல்லாம் தடிப்பு. மாமியார் பார்த்ததும் மணல்வாரி அம்மை என்றார். வாசலில் வேப்பிலை செருகினார்கள். கோவிலில் அப்போது, உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கும் புனிதரின் திருநாள். கொள்ளைநோய்க்கு அவரிடம்தான் வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். மாமியார் அவருக்கு வெள்ளியில் ஓர் அம்பு நேர்ந்துகொண்டார். "அம்மைக்கு ஊசி ஆவாது, மூணு தண்ணி ஊத்துனா எறங்கிரும்" என்றார். நான் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. ஆறாம் நாள் பிள்ளைக்கு விலா எலும்பு உள்ளே இழுத்து மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனோம்.

நுரையீரலில் சளி கட்டியிருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர், "ஊசி அட்டை எங்க?" என்று கேட்டார். தங்கை கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில் என் தாள். "எங்கண்ணன் எழுதுனது" என்றாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த பக்கம் புரட்டினார்.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு மூச்சு சீரானது. நானும் தங்கையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளே தொடங்கினாள்.

"அந்த டாக்டரு ஏண்ணே ஒன்னய அப்புடிப் பாத்தாரு?"

"அந்தத் தாள் தப்பும்மா."

"தேதி தப்பா?"

"தேதி சரி. அம்புக்குறி தப்பு. ஊசியால இல்ல. அதுக்கு முன்னாடியே அவன் அப்புடித்தான் இருந்திருக்கான். என் டைரியிலயே இருக்கு. நான்தான் பாக்கல."

"அப்ப என்னாலயா?" என்றாள்.

"யாராலயும் இல்ல. பொறக்கும்போதே அமஞ்சு வாரது. பஸ்ஸுல போனதாலயும் இல்ல, ஒன்னாலயும் இல்ல."

"இது ஒனக்கு என்னைக்குத் தெரியும்?"

யாருக்கும் எந்தத் தேதியையும் நான் இல்லை என்று சொன்னதில்லை.

"ஐப்பசி மூணாவது சனிக்கெழம."

விரலை மடக்கத் தொடங்கினாள். பிறகு நிறுத்திவிட்டு, "அதுக்கப்பறம் எத்தன புதன் வந்துச்சுன்னு நீயே சொல்லு. ஒனக்குத்தான் கணக்கு மறக்காதே" என்றாள்.

"பதினொண்ணு."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பின் இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. மருந்து கொடுத்து நின்றது. மாசி முதல் வாரத்தில் ஒருநாள் நான் போனபோது வாசலிலிருந்தே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். அன்றிரவு டைரியில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, முன்பே ஒருமுறை எழுதிய வரிதான். சமத்து என்ற சொல்லை மட்டும் சேர்க்கவில்லை.

சோதனையில் ஒரு காது முழுதும் போய்விட்டது என்றார்கள். மற்றதில் பாதி இருக்கிறது, கருவி வைக்கலாம். காது மருத்துவர் நோயின் போக்கைத் தேதிவாரியாகக் கேட்டிருந்தார். பங்குனியில் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். பெஞ்சில் பேசிய நாளுக்குப் பிறகு அவள் என் வீட்டு வாசல் மிதிப்பது அதுவே முதல்முறை. பையன் ஒரு கையில், சின்னவள் இடுப்பில். பிளாஸ்டிக் உறையில் இருந்து என் பழைய தாளை உருவி மேசை மேல் வைத்தாள். கிழிக்கவில்லை.

"இத நீயே வச்சுக்க. எங்க வீட்டுல இன்னொருக்கா இத எடுத்துருவனோன்னு பயமா இருக்கு" என்றாள். "டாக்டருக்கு எழுதணும். பேனாவ எடு."

இதற்கு முன் அந்தத் தாளைத் திரும்பப் பெற நான் செய்தது இரண்டுதான். கட்டுமாவடி நண்பருக்கு, "அது என் கையெழுத்துத்தான், அது தவறு, எல்லாருக்கும் சொல்லுங்கள்" என்று அனுப்பினேன். அவர் கை கூப்பிய படம் ஒன்று போட்டார். தாள் இன்னும் எங்கெங்கே போய்க்கொண்டிருக்கிறதோ. செவிலியரோடு, தாளைக் காட்டி ஊசி வேண்டாம் என்ற அந்த இரண்டு வீட்டுக்கும் டைரியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் போட்டுக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில், "மொதல்ல நீங்கதான எழுதுனீங்க?" என்று கேட்டார்கள்.

புதுத் தாளில் கட்டம் போட்டேன். காய்ச்சல் தொடங்கியது, தடிப்பு, மூச்சு வாங்கியது, சீழ், கூப்பிட்டும் திரும்பாதது. ஒவ்வொன்றுக்கும் தேதி சொன்னேன், எழுதினேன். தரையில் பையன் மூடியைச் சுற்றிவிட்டிருந்தான். சின்னவள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு "ண்ணா, ண்ணா" என்றாள். குரல் முன்பைவிட உரக்க இருந்தது. அவள் சொல்வது அவளுக்கே அவ்வளவாகக் கேட்பதில்லை.

தங்கை தாளை இழுத்துப் பார்த்தாள்.

"மேல ஒரு வரி விட்டுப்போச்சு. அம்மை ஊசி போடலன்னு எழுது. அவரு கேப்பாரு."

எழுதினேன். அதற்கும் காய்ச்சல் தேதிக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. பேனா அங்கே நின்றது. இந்த முறை எது எங்கிருந்து எங்கே போகிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதிய மட்டும் எழுதுண்ணே. நடுவுல ஒண்ணும் போடாத" என்றாள். "அது அவருக்குத் தெரியும்."